கம்பைநல்லூர்க் கீழாநெல்லி

சென்னையிலிருந்து சேலம் போகிற ரயில் ஜோலார்பேட்டையில் தெற்கே திரும்பியதும் நிலம் வேறாகிவிடுகிறது. திருப்பத்தூர், சாமல்பட்டி கடந்தால் இரு பக்கமும் கரடுகள், புளியமரங்கள், மாந்தோப்புகள், நடுநடுவே கேழ்வரகுக் கொல்லைகள். மொரப்பூரில் இறங்கினோம். 1906இல் இங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை நிறுத்தினார்கள். அந்தப் பாதை திரும்ப வரவேண்டும் என்று இந்த மாவட்டத்தார் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். எங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்.

என்னுடன் வந்தவர் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவி. எலியின் கல்லீரலைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, எந்த வகைச் செல் நோயில் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. சொந்த ஊர் கம்பைநல்லூர் பக்கம். அவருடைய ஆயா அந்த வட்டாரத்தில் மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர். ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்கள், ஒருவர் அம்மியிலும் ஒருவர் நுண்ணோக்கியிலும், ஈரலோடு வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கம்பைநல்லூர் காரிமங்கலம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. தேசிநாதேஸ்வரர் கோயில் ஊரின் பழமைக்குச் சாட்சி. பக்கத்தில் இருமத்தூரில் தென்பெண்ணை ஓடுகிறது. நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, சாத்தனூரை நோக்கிப் போகிற வழியில் இந்தப் பக்கத்து வயல்களுக்கும் தென்னைகளுக்கும் ஈரம் கொடுக்கும் ஆறு. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வரும். பல்லிலும் எலும்பிலும் கறையாக இறங்கிய அந்தத் துன்பத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காமாலையும் தண்ணீரோடு வருவதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போனபோது ஆயா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கை நிற்காமலே, "வா தம்பி, நெழல்ல உக்காரு. பாப்பா, தம்பிக்கு மோர் குடு" என்றார். சிறிது நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, நான் கேட்காமலே எங்களை வரப்புக்கு அழைத்துப் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். வரப்போரம் முழங்காலுக்குக் கீழேதான் செடி. இலைக்காம்பைப் புரட்டிக் காட்டினார். இலைகளின் அடியில் வரிசையாகக் கடுகினும் சற்றே பெரிய பச்சைக் காய்கள்.

அவர் கொடுக்கும் முறை எளிமையானது. விடிகாலையில் செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மையாக அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கிறார். உப்பு, புளி, எண்ணெய் விலக்கிய பத்தியம். காசு வாங்குவதில்லை. அவருடைய மாமியாரும் வாங்கியதில்லையாம்.

"இது ஈரலுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆயா. ஈரல்ல எதுக்கு நல்லதுன்னுதான் நான் பாக்கணும்" என்றார் பேத்தி.

"ஈரலு ஒண்ணுதானே கண்ணு?"

அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. வளர்ந்த மனிதனின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. வெட்டிப் பார்த்தால் ஒரே நிறம், ஒரே பதம். ஆனால் உள்ளே குறைந்தது நான்கு பெரிய கூட்டத்தார் குடியிருக்கிறார்கள். ஹெப்படோசைட் எனும் பெரிய செல்கள் எண்ணிக்கையில் சுமார் 60 விழுக்காடு, பருமனில் 80 விழுக்காடு. பித்தநீர் சுரப்பது, புரதம் உண்டாக்குவது, நஞ்சை உடைப்பது எல்லாம் இவற்றின் வேலை. ரத்தம் கசியும் நுண்குழல்களின் சுவராக நிற்பவை எண்டோதீலியல் செல்கள். பெரும்பாலான மற்ற ரத்தக் குழாய்களில் இல்லாத மிக நுண்ணிய துளைகள் இவற்றில் உண்டு. அந்தக் குழல்களுக்குள்ளேயே காவல் இருந்து கிருமியையும் குப்பையையும் விழுங்குபவை குஃப்பர் செல்கள். குழலுக்கும் ஹெப்படோசைட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய சந்தில் கைகளைப் பரப்பிக்கொண்டு கிடப்பவை ஸ்டெல்லேட் செல்கள். உடலின் வைட்டமின் ஏ சேமிப்பில் பெரும்பகுதி இவற்றின் கொழுப்புத் துளிகளில்தான் இருக்கிறது. ஈரல் கெடும்போது இந்த நான்கும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஒன்று சாகிறது, ஒன்று கோபப்படுகிறது, ஒன்று துளைகளை மூடிக்கொள்கிறது, ஒன்று நார் நாராகத் தழும்பைச் சுரக்கிறது. ஈரலை மொத்தமாக அரைத்துச் சோதித்தால் இந்த நான்கு குரலும் கலந்து, பெரும்பான்மையான ஹெப்படோசைட்டின் குரல் மட்டும்தான் கேட்கும்.

ஊருக்குக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு அவருடைய ஆய்வகத்தில் ஒரு காலை நேரம் உடனிருக்க அனுமதி கிடைத்தது. மேசையில் ஒரு சிறு பம்பு, 37 டிகிரியில் வைத்த வாட்டர் பாத், அதிலிருந்து வெளியே வரும் மெல்லிய குழாய். எலி முழு மயக்கத்தில் இருந்தது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கோப்பில் முதல் தாளாக வைத்திருந்தார்கள். ஒரு உயிரை எடுத்துச் செய்கிற வேலை என்பது அந்த அறையில் இருந்த யாருக்கும் மறக்கவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை, ஒரு கருவியும் வீணாகக் கையில் எடுக்கப்படவில்லை.

குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் மெல்லிய ஊசிக்குழாயைச் செலுத்தியதும், வெதுவெதுப்பான உப்புக் கரைசல் உள்ளே போனது. கீழே பெருஞ்சிரையை வெட்டிவிட்டிருந்ததால் ரத்தம் அந்த வழியே வெளியேறியது. அடர்சிவப்பாக இருந்த ஈரல் சில நொடிகளில் வெளிறி, சந்தன நிறத்துக்கு வந்தது. எல்லா மடல்களும் ஒரே சீராக வெளிறினால்தான் கரைசல் எங்கும் போய்ச் சேர்ந்தது என்று பொருள். ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் அந்தப் பகுதி சிவப்பாகவே நின்றுவிடும். அங்கிருந்து நல்ல செல் கிடைக்காது.

இந்த முதல் கரைசலில் கால்சியம் கிடையாது. இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் பிடித்துக்கொள்ள ஈஜிடிஏ எனும் வேதிப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். செல்லையும் செல்லையும் கோத்து வைத்திருக்கும் புரதங்கள் கால்சியத்தை நம்பி நிற்பவை. அது விலகியதும் பிடி தளர்கிறது. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது கரைசல். இதில் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஏனென்றால் அடுத்து வரும் கொலாஜினேஸ் நொதிக்கு வேலை செய்யக் கால்சியம் வேண்டும். செல்களைச் சுற்றியிருக்கும் கொலாஜன் நாரை அது கரைக்கிறது. எடுத்துவிட்டுப் பிறகு கொடுப்பது என்ற இந்த வரிசைதான் முறையின் உயிர். வரிசை தவறினால் ஒன்று செல் பிரியாது, அல்லது பிரிந்த செல் உயிரோடு இருக்காது.

அறுபதுகளுக்கு முன்னால் ஈரலை நசுக்கியும் குலுக்கியும்தான் செல் எடுத்தார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை செத்தவை, அல்லது சவ்வு கிழிந்தவை. 1967இல் ஹோவர்டும் கூட்டாளிகளும் ஈரல் துண்டுகளை நொதியில் ஊறவைத்துப் பார்த்தார்கள். 1969இல் பெர்ரி, ஃபிரண்ட் என்ற இருவர் நொதியை ஈரலின் சொந்த ரத்தக் குழாய்கள் வழியாகவே செலுத்தினார்கள். உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு செல்லுக்கும் உணவு கொண்டுபோன அதே வழி. எழுபதுகளில் ஒஸ்லோவில் பெர் ஒட்டார் செக்லன் அதை இரண்டு படிகளாக ஒழுங்குபடுத்தினார். அரை நூற்றாண்டு கழித்து சென்னை ஆய்வகத்தில் நான் பார்த்ததும் அடிப்படையில் அதுதான். இத்தனை கருவிகள் பெருகிய காலத்திலும் இந்த வேலையை ஒரு மனிதக் கை, ஒரு சிரை, ஒரு நொதி ஆகியவைதான் தீர்மானிக்கின்றன என்பது என்னை மிகவும் கவர்ந்தது.

நொதியிலும் ஒரு வினோதம் உண்டு. கொலாஜினேஸ் வருவது கிளாஸ்டிரிடியம் ஹிஸ்டோலிட்டிக்கம் எனும் பாக்டீரியாவிலிருந்து. புண்ணில் புகுந்தால் சதையைக் கரைக்கக்கூடிய கிருமி. சந்தையில் கிடைக்கும் பொடி தூய ஒற்றைப் பொருள் அல்ல, பல நொதிகளின் கலவை. ஒரு தொகுப்பில் நன்றாகப் பிரியும் ஈரல் அடுத்த தொகுப்பில் கஞ்சியாகிவிடும். அதனால் ஆய்வகங்கள் மாதிரிகளை வாங்கிச் சோதித்து, ஒத்துவரும் தொகுப்பை மொத்தமாக வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைக்கின்றன. கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தச் செய்தி, அங்கே வேலை செய்பவர்களுக்கு மாதக் கணக்கில் கவலை.

பதினைந்து நிமிடத்துக்குள் ஈரல் உப்பி, இடுக்கியின் தட்டை முனையால் மெல்லத் தொட்டால் பள்ளம் அப்படியே நின்றது. உடனே அதை வெட்டி எடுத்துக் குளிர்ந்த கரைசலில் போட்டு, மேலுறையைக் கிழித்து லேசாக அசைத்தார். பழுப்பு மேகமாகச் செல்கள் வெளியே வந்தன. நைலான் வலையில் வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் மிகக் குறைந்த வேகத்தில், புவியீர்ப்பின் 50 மடங்கு விசையில், இரண்டு மூன்று நிமிடம் சுற்ற வைத்தார். ஹெப்படோசைட்டுகள் பெரியவை, கனமானவை, அடியில் படிந்தன. சிறிய செல்கள் எல்லாம் மேலே தெளிந்த நீரில் மிதந்தன. ஒரு துளி எடுத்து டிரைபன் நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தார். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். பளபளக்கும் விளிம்போடு உருண்டையான செல்கள், சிலவற்றில் இரண்டு உட்கரு. எண்ணி முடித்துவிட்டு, "தொண்ணூறுக்கு மேல இருக்கு சார், இன்னிக்கு வேலை பண்ணலாம்" என்றார். அந்த எண் 80க்குக் கீழே போயிருந்தால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்திருக்கும்.

இதையெல்லாம் அவர் ஆயாவிடம் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். வரப்பிலிருந்து திரும்பியதும் அவர் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ புடைக்கிறப்போ பதர் முன்னால பறந்துடுது, மணி பின்னால தங்குது இல்ல? நானும் அதேதான் பண்றேன். கனமான செல்லு கீழே, லேசான செல்லு மேலே."

ஆயா சிறிது யோசித்தார். "கல்லும் மணியும் ஒரே கனமா இருந்தா புடைச்சுப் பிரியாதே. கொழிக்கணும். அதுக்கும் மசியலைன்னா கையாலதான் பொறுக்கணும்."

பேத்தி என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. ஏனென்றால் ஆய்வகத்திலும் அதேதான் அடுத்த படி. மேலே மிதந்த சிறு செல்களை அடர்த்தி வேறுபட்ட கரைசல் அடுக்குகள் மீது வைத்துச் சுற்றினால், கொழுப்புத் துளி நிறைந்த ஸ்டெல்லேட் செல்கள் மேலே மிதந்து தனி வளையமாக நிற்கும். எண்டோதீலியல் செல்லும் குஃப்பர் செல்லும் அடர்த்தியில் நெருங்கியவை. அவற்றை எடைகொண்டு பிரிப்பது கடினம். அவற்றின் மேற்பரப்பில் உள்ள புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் நுண்ணிய காந்தமணி ஒட்டி, காந்தம் வைத்த குழாய் வழியே விட்டால் வேண்டியது ஒட்டிக்கொள்ளும், வேண்டாதது வழிந்துவிடும். இல்லையென்றால் லேசர் ஒளியில் ஒவ்வொரு செல்லாக நிறம் பார்த்துப் பிரிக்கும் கருவி இருக்கிறது. ஆயா சொன்ன பொறுக்குதல் அது.

ஸ்டெல்லேட் செல்லை அடையாளம் காண்பதில் ஒரு அழகு உண்டு. புற ஊதா ஒளியில் அதன் வைட்டமின் ஏ துளிகள் தாமாகவே நீலப் பச்சையாக ஒளிரும்; சாயம் எதுவும் வேண்டாம். ஆனால் சில நொடிகளில் மங்கிவிடும். இந்தச் செல்லை முதலில் பார்த்தவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ஃபான் குஃப்பர். 1876இல் தங்க உப்பால் கறையேற்றிப் பார்த்தார். பின்னாளில் அவரே அதை விழுங்கு செல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார். ஜப்பானில் தோஷியோ இட்டோ 1951இல் கொழுப்புச் சேமிக்கும் செல் என்று ஒன்றை விவரித்தார். இரண்டும் ஒன்றே, விழுங்கு செல் வேறு என்று 1971இல் கெஞ்சிரோ வாக்கே தெளிவாக்கினார். பல பத்தாண்டுகள் இரண்டு செல்கள் ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தன. பார்ப்பது மட்டும் போதாது, பிரித்தெடுத்துத் தனியே வாழவைத்தால்தான் ஒன்றின் குணம் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி கீழாநெல்லிக்கு வருகிறேன். அதன் கசப்புப் பொருளான ஃபில்லாந்தினைப் பற்றி 1946இல் கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும் எழுதினார்கள். சேஷாத்ரி குளித்தலையில் பிறந்த வேதியியலாளர். அப்போது ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த ஈரல் செல்லில் சோதித்தவர்கள் லக்னோவின் மூலிகை, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் செண்டாயில் இருந்த ஹிகினோவின் குழுவும். 1985இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: எலியின் ஹெப்படோசைட்டுகளை வளர்ப்புத் தட்டில் வைத்து, கார்பன் டெட்ராகுளோரைடு, கேலக்டோசமைன் ஆகிய நஞ்சுகளைக் கொடுத்தபோது, ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அந்தச் செல்களைக் காத்தன.

இந்த வரியைப் படிப்பவர் கீழாநெல்லி வென்றுவிட்டது என்று எண்ணலாம். மாணவி அப்படி எண்ணுவதில்லை. அவர் சொன்ன காரணம் எனக்கும் சரியாகப் படுகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு தானாக நஞ்சில்லை. ஹெப்படோசைட்டின் சொந்த நொதிகள் அதை மாற்றிய பிறகுதான் நஞ்சாகிறது. ஒரு பொருள் அந்த நொதியை மட்டுப்படுத்தினாலே செல் பிழைத்துவிடும். அது ஈரலைக் காப்பதா, அல்லது அந்தச் சோதனையைக் காப்பதா என்று கேட்க வேண்டும். இன்னொன்று: அந்த 1985இல்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்காட் ஃபிரீட்மனும் கூட்டாளிகளும் ஸ்டெல்லேட் செல்லைத் தனியே பிரித்தெடுத்து, ஈரலில் கொலாஜனை அதிகம் உண்டாக்குவது ஹெப்படோசைட் அல்ல, இதுதான் என்று காட்டினார்கள். கல்லீரல் சுருக்கத்தில் ஆளைக் கொல்வது அந்தத் தழும்பு. ஆக, நம் மூலிகை ஹெப்படோசைட் முன்னால் சோதிக்கப்பட்ட ஆண்டில், தழும்பின் வேர் வேறொரு செல்லில் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது. ஒரு செல்லைக் காப்பதால் மட்டும் கீழாநெல்லி ஈரலைக் காக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சென்னைக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1982இலேயே கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் ஹெப்படைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் குழாய்ச் சோதனையில் செயலிழக்கச் செய்வதை எழுதியிருந்தார்கள். பிறகு அந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1988இல் லான்செட் இதழில் வந்த அவர்கள் முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்தது, போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் நம்பத்தக்க சான்று போதவில்லை என்றே முடித்தார்கள். சென்னை ஆய்வாளர்களின் உழைப்பை இது சிறுமைப்படுத்தாது. ஒரு நாட்டு மருந்தைத் துணிந்து கட்டுப்பாட்டுச் சோதனைக்கு உட்படுத்தி, எண்களை உலகின் முன் வைத்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் செய்து சரிபார்க்க முடிந்ததே அப்படி வைத்ததால்தான்.

ஆயாவின் மருந்தால் இத்தனை பேர் தேறியது எப்படி? ஊர்ப்புறத்துக் காமாலையில் பெரும்பங்கு அசுத்த நீரில் வரும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ வைரஸ்களால். இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். ஓய்வும் எளிய உணவும் போதும். பத்தியமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஈ வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். பி, சி வைரஸ்கள் உள்ளேயே தங்கி, ஆண்டுக் கணக்கில் ஸ்டெல்லேட் செல்களைத் தூண்டிக்கொண்டிருக்கும். குடியும் அதையே செய்கிறது. கண் மஞ்சள் மறைந்துவிட்டது என்பதால் ஈரலுக்குள் தழும்பு நின்றுவிட்டது என்று ஆகாது.

தழும்பேறிய ஈரலில் இன்னொரு சிக்கல் வருகிறது. மாணவி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் நீண்ட நேரம் பேசினார். நல்ல ஈரலில் ஸ்டெல்லேட் செல் மிதப்பது அதன் வைட்டமின் ஏ துளிகளால். நோயில் அது தூண்டப்பட்டதும் முதலில் இழப்பது அந்தத் துளிகளைத்தான். எந்தச் செல்லைப் பிடிக்கவேண்டுமோ, அது பிடிமானத்தை உதறிவிட்டு மூழ்கிவிடுகிறது. மிதந்ததை மட்டும் எடுத்துப் பார்த்தால் நோயுற்ற ஈரலிலும் நோயுறாத செல்களே கையில் கிடைக்கும். அதேபோலக் கொழுப்பேறிய ஈரலின் ஹெப்படோசைட்டுகள் கனம் குறைந்து, அடியில் படியாமல் போய்விடுகின்றன. அவை எளிதில் உடையவும் செய்யும். நார் கட்டிய ஈரலில் கொலாஜினேஸ் நெடுநேரம் வேலை செய்ய வேண்டியிருப்பதால் மென்மையான செல்கள் முதலில் செத்துவிடுகின்றன. நல்ல ஈரலுக்கு என்று உருவான முறையை நோயுற்ற ஈரலுக்கு அப்படியே வைத்தால், முறையின் பிழையை நோயின் குணம் என்று எண்ணிவிடுவோம்.

பிரித்த பிறகும் செல் காத்திருக்காது. தட்டில் வைத்த எண்டோதீலியல் செல் ஓரிரு நாளில் தன் துளைகளை இழக்கிறது. ஹெப்படோசைட் நஞ்சுடைக்கும் நொதிகளைக் குறைத்துக்கொண்டு தன் அடையாளத்தையே மறக்கத் தொடங்குகிறது. ஸ்டெல்லேட் செல் கெட்டியான பிளாஸ்டிக் தளத்தைத் தழும்பு என்று எண்ணியோ என்னவோ, தானே தூண்டப்பட்டுவிடுகிறது. அதனால்தான் இப்போது பலர் செல்லை வளர்க்காமல், பிரித்த உடனே ஒவ்வொன்றின் மரபுச் செய்தியையும் படித்துவிடுகிறார்கள். 2018இல் கனடாவில் சோனியா மெக்பார்லண்ட் குழு ஐந்து மனித ஈரல்களிலிருந்து 8,444 செல்களை இப்படிப் படித்து ஒரு வரைபடம் தந்தது. 2019இல் எடின்பரோவில் பிரகாஷ் ராமச்சந்திரன் குழு, நல்ல ஈரலையும் சுருங்கிய ஈரலையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான செல்களைப் படித்து, தழும்புப் பகுதியில் மட்டும் கூடும் ஒரு தனி விழுங்கு செல் வகையைக் காட்டியது. நொதிக்கே தாங்காத ஈரல் என்றால் உறைந்த திசுவிலிருந்து உட்கருவை மட்டும் எடுத்துப் படிக்கும் வழியும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். கண் நன்றாக மஞ்சளித்திருந்தது. ஆயா அம்மியைத் தொடவில்லை. முதலில் கேள்விகள். எத்தனை நாளாச்சு, சாராயம் உண்டா, உடம்பு அரிக்குதா, வெளிக்குப் போனா என்ன நிறம்.

"வெளுத்துப் போவுதுங்க ஆயா. ராத்திரி பூரா அரிப்பு."

"அப்ப நான் குடுக்கமாட்டேன். நேரா தருமபுரிக்குப் போ."

பேத்தி வியந்து கேட்டார். "உனக்கு யாரு ஆயா இதச் சொன்னாங்க?"

"மாமியாரு சொன்னது. வெள்ளையாப் போனா மருந்து வேலை செய்யாதுன்னு. ஏன்னு தெரியாது."

பித்தநீர் குடலுக்கு இறங்குவதால்தான் மலத்துக்கு நிறம் வருகிறது. கல்லோ கட்டியோ பித்தக் குழாயை அடைத்தால் நிறம் போய்விடும், பித்த உப்பு ரத்தத்தில் தேங்கி அரிக்கும். அது அறுவை மருத்துவரும் ஸ்கேனும் பார்க்க வேண்டிய காமாலை. மாணவி ஆயாவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். பிறகு அந்த மனிதருக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், ஸ்கேனோடு ஹெப்படைடிஸ் பி, சி சோதனையும் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனையும் சிகிச்சையும் இலவசம் என்று அழுத்திச் சொன்னார். அந்த நாள் பிளம்பெர்க் பிறந்த நாள். கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உடன் நின்ற அந்தப் பெண் தாளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கிளம்பும் முன் மீண்டும் வரப்புக்குப் போனோம். மாணவி பூவும் காயும் வேரும் உள்ள செடிகளாகத் தேர்ந்து எடுத்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, இடமும் நாளும் எழுதி வைத்தார். கீழாநெல்லியைப் போலவே தோற்றம் கொண்ட இனங்கள் வரப்பில் பல உண்டு. பழைய இந்திய ஆய்வுகளில் ஒரு பெயரால் குறித்த செடி பெரும்பாலும் வேறொரு இனம் என்று பின்னாளில் தாவரவியலாளர்கள் திருத்தினார்கள். எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். சென்னைக்குத் திரும்பியதும் இதன் சாற்றை நான்கு வகைச் செல்களிலும் தனித்தனியே வைத்துப் பார்க்கப் போகிறார். ஸ்டெல்லேட் செல்லை நல்ல ஈரலிலிருந்து மட்டும் எடுக்காமல், தழும்பேறிய எலியின் ஈரலிலிருந்தும் எடுக்க வேண்டும். அதை மிதக்கவிட்டுப் பிடிக்காமல், மேற்பரப்புப் புரதம் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

ஆயா கடைசிச் செடியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, "எப்ப கண்ணு முடிவு தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமாவது ஆகும் ஆயா."

"ஆகட்டும். வேலை செய்யலைன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லிடு. நான் இன்னும் ஆளுங்களுக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன் இல்ல?"

பேத்தி "சொல்றேன் ஆயா" என்றார். செய்தித்தாள் கட்டைக் கயிறு போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தார். மொரப்பூர் பஸ் வரும் நேரம் ஆகியிருந்தது.